வெள்ளைச் சட்டையா, சிவப்புச் சட்டையா?

கேள்வி: நாங்கள் வட லண்டனில் என்ஃபீல்டில் வசிக்கிறோம். சொந்த ஊர் யாழ்ப்பாணம். மகனுக்கு வருகிற ஆகஸ்டில் எட்டு வயது நிறைகிறது. பாடசாலையில் மூன்றாம் ஆண்டு. உள்ளூர்க் கழகத்தில் அவன் உதைபந்தாட்டம் ஆடுவதைப் பார்த்து முதலில் டொட்டன்ஹாம் அழைத்தது, சில மாதங்களில் ஆர்சனலும் அழைத்தது. இரண்டு இடங்களுக்கும் மாறி மாறிப் போய்வருகிறான். இப்போது இரண்டு கழகங்களுமே ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் பதிவுசெய்யக் கேட்கின்றன. மகனுக்கு டொட்டன்ஹாமில்தான் விருப்பம். அங்குள்ள பயிற்சியாளரைப் பற்றியே வீட்டில் பேச்சு. ஆனால் கணவரும் மாமனாரும் ஆர்சனல் வெறியர்கள். "என் பேரன் டொட்டன்ஹாமின் வெள்ளைச் சட்டை போட்டால் மைதானத்துப் பக்கமே வரமாட்டேன்" என்கிறார் மாமனார். ஆர்சனலில்தான் சின்னப் பையன்களுக்கு முதல் அணியில் இடம் கிடைக்கிறது என்று அதன் நட்சத்திர ஆட்டக்காரர் சாக்காவின் பெயரைச் சொல்லி வாதாடுகிறார் கணவர். எனக்கோ, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பாடசாலைகளுக்கான 11 பிளஸ் பரீட்சையைப் பற்றிய கவலை. எதைத் தேர்ந்தெடுப்பது?

— ஒரு தாய், என்ஃபீல்டு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடுவதென்று முடிவெடுத்தால் டொட்டன்ஹாமில் போடுங்கள். இதைப் படித்ததும் உங்கள் மாமனார் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடக்கூடும். போடட்டும். நான் இந்த இரண்டு கிளப்புகளிலும் வேலை பார்த்தவன் இல்லை. வேறொரு கிளப்பின் அகாடமியில், அதாவது இளையோர் பயிற்சிக்கூடத்தில், சிறுவர்களின் படிப்பையும் நலனையும் கவனிக்கும் பிரிவில் பல காலம் இருந்தவன். அதனால் எனக்கு இதில் பக்கம் கிடையாது, மாமனாருக்குத்தான் உண்டு.

அவருடைய கோபத்துக்கு வயது நூறுக்கு மேல் ஆகிறது. 1913ல் ஆர்சனல் தென்கிழக்கு லண்டனை விட்டு ஹைபரிக்கு, டொட்டன்ஹாமின் வாசலுக்கே, குடிபெயர்ந்தது. 1919ல் முதல் டிவிஷனை விரிவாக்கியபோது டொட்டன்ஹாம் கீழே இறக்கப்பட, இரண்டாம் டிவிஷனில் ஐந்தாவதாக முடித்திருந்த ஆர்சனல் வாக்கெடுப்பில் மேலே போனது. டொட்டன்ஹாம் அகாடமியில் வளர்ந்து அதன் கேப்டனாகவும் ஆன சால் கேம்பல் 2001ல் ஒப்பந்தம் முடிந்த கையோடு ஆர்சனலுக்குப் போனார். அவருக்குக் கிடைத்த வசைகள் இன்னும் ஓயவில்லை. ஆனால் கேம்பல் சம்பளம் வாங்கிய வளர்ந்த மனிதர். எட்டு வயதுப் பையன்களின் உலகத்தில் இந்தப் பகைக்கு இடமே இல்லை. இரண்டு கிளப்புகளின் பொடியன்களும் ஒருவரோடொருவர் அடிக்கடி ஆடுகிறார்கள். பயிற்சியாளர்கள் ஓர் அகாடமியை விட்டு இன்னோர் அகாடமிக்கு வேலை மாறுகிறார்கள், எதிர் அணியின் பயிற்சியாளர் பலருக்குப் பழைய சக ஊழியர். ஒரு கிளப் அனுப்பிவிட்ட பையனை அடுத்த வாரமே மற்ற கிளப் கூப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. அதை யாரும் துரோகம் என்று எண்ணுவதில்லை.

உங்கள் கணவரின் வாதத்தை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. ஆர்சனலின் ஹேல் எண்ட் அகாடமி நல்ல இடம். சாக்கா சிறு வயதிலேயே அங்கே சேர்ந்து முதல் அணிக்கு வந்தவர். ஈதன் நுவனேரி 2022 செப்டம்பரில் 15 வயது 181 நாள்களில் பிரீமியர் லீக்கில் களமிறங்கினார். மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லியும் அங்கே வளர்ந்தவர்தான். இதெல்லாம் உண்மை. ஆனால் இது வென்றவர்களின் பட்டியல். நீங்கள் கேட்க வேண்டியது, அதே ஆண்டுகளில் அதே உடைமாற்றும் அறையில் இருந்த மற்றப் பையன்கள் எங்கே போனார்கள் என்பதுதான். ஒரு வயதுப் பிரிவில் பதினைந்து பேர் இருந்தால், அதில் ஒருவர் முதல் அணியை எட்டினாலே அந்த அகாடமிக்கு அது நல்ல ஆண்டு.

அனுப்பிவிடப்பட்டவர்களில் இரண்டு பேரை உங்கள் கணவருக்கே நன்றாகத் தெரியும். ஹாரி கேன் எட்டு வயதில் ஆர்சனல் அகாடமியில் ஒரு பருவம் இருந்தார். 2002ல் போகச் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் குண்டு, ஓட்டம் போதாது என்பது அவர்கள் கணிப்பு. 2004ல் டொட்டன்ஹாம் எடுத்துக்கொண்டது. 2023ல் அவர் பயர்ன் மியூனிக்குக்குப் போனபோது டொட்டன்ஹாமுக்காக 280 கோல்கள் அடித்திருந்தார். அந்த கிளப்பின் வரலாற்றில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. எபெரெச்சி எஸேயின் கதை இன்னும் வளைந்து போகிறது. ஆர்சனல் அவரை 13 வயதில் அனுப்பியது. ஃபுல்ஹாம், ரீடிங், மில்வால் என்று அலைந்து, 2016ல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் இடம் பிடித்து, கிறிஸ்டல் பேலஸுக்குப் போய், 2025 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஒரே கோலை அடித்தார். அந்தக் கோடையில் டொட்டன்ஹாமில் ஏறக்குறையச் சேர்ந்தே விட்டார் என்றிருந்த நேரத்தில் ஆர்சனல் குறுக்கே வந்து வாங்கியது. நவம்பரில் டொட்டன்ஹாமுக்கு எதிராக மூன்று கோல்கள். அந்த மாலையில் உங்கள் வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

இந்தக் கதைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது பிறந்த தேதி. சாக்கா பிறந்தது செப்டம்பர் 5. கேன் பிறந்தது ஜூலை 28. எஸே ஜூன் 29. இங்கிலாந்தில் பள்ளி ஆண்டைப் போலவே கால்பந்து வயதுப் பிரிவும் செப்டம்பர் 1ல் தொடங்குகிறது. அதனால் செப்டம்பரில் பிறந்த பையனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பையனும் ஒரே அணி. இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓர் ஆண்டு இடைவெளி. எட்டு வயதில் ஓர் ஆண்டு என்பது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. உயரம், எடை, ஓட்டம், எதிரே வருபவனைத் தோளால் தள்ளும் தெம்பு எல்லாவற்றிலும் அது தெரியும். அகாடமிகளில் இலையுதிர்காலப் பிறப்புகள் மிகுந்தும் கோடைப் பிறப்புகள் அருகியும் இருப்பதற்கு இதுவே காரணம். மூன்று பெயர்களை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் உங்கள் மகன் ஆகஸ்ட் பையன். அணியில் எப்போதும் அவன்தான் கடைக்குட்டி. அப்படியிருந்தும் இரண்டு கிளப்புகள் அவனைக் கேட்கின்றன என்றால், உடம்பை மீறிய ஏதோ ஒன்றை அவனிடம் பார்த்திருக்கிறார்கள். அதற்காக மகிழுங்கள். அதே சமயம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மற்றவர்கள் திடீரென வளரும்போது இவன் பின்தங்குவதுபோல் தெரியும் காலமும் வரும். அப்போது பொறுமை காட்டும் பயிற்சியாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது சாக்காவைவிடப் பெரிய கேள்வி. இரண்டு கிளப்பிலும் நேராகவே கேளுங்கள்: இப்போது உங்கள் 14 வயதுப் பிரிவில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? பதிலைவிட, பதில் சொல்பவரின் முகத்தைக் கவனியுங்கள்.

இனி, பெற்றோர் பெரும்பாலும் கேட்காமல் விடுவதும் பின்னால் அதிகம் வருந்துவதுமான விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வயதுப் பிரிவு வரை எந்த கிளப்பும் பையனைப் பதிவுசெய்ய முடியாது. அதனால்தான் உங்கள் மகன் இரண்டு இடங்களுக்கும் போய்வர முடிகிறது. ஒன்பது வயதுப் பிரிவுக்கான படிவத்தில் கையெழுத்து விழுந்த பிறகு அந்தச் சுதந்திரம் போய்விடும். தொடக்கத்தில் பதிவு ஒவ்வோர் ஆண்டாக நீளும். பன்னிரண்டு வயதுப் பிரிவிலிருந்து இரண்டிரண்டு ஆண்டுகளாக நீளும். பருவ முடிவில் கிளப் "வேண்டாம்" என்று சொன்னால் பையன் எங்கும் போகலாம், யாரும் யாருக்கும் ஒரு பென்னி தரவேண்டியதில்லை. ஆனால் கிளப் "வேண்டும்" என்று சொல்லி, நீங்கள் "போகிறோம்" என்றால், அவனை எடுக்கும் அடுத்த கிளப் பயிற்சிக்கான ஈட்டுத்தொகையைத் தந்தாக வேண்டும்.

எவ்வளவு? அகாடமிகளை நான்கு தரங்களாகப் பிரித்த திட்டம் 2012ல் நடைமுறைக்கு வந்தபோது போட்ட கணக்கு இது: 9 முதல் 11 வயதுப் பிரிவு வரை ஆண்டுக்கு 3,000 பவுண்டு. 12 முதல் 16 வரை, முதல் தர அகாடமி என்றால் ஆண்டுக்கு 40,000 பவுண்டு. ஆர்சனலும் டொட்டன்ஹாமும் முதல் தரம். உங்கள் மகன் ஐந்து பருவங்கள் ஆடி, 13 வயதுப் பிரிவின் முடிவில் தானாக விலகினால், அந்தக் கணக்கின்படி அவன் தலைமேல் 89,000 பவுண்டு இருக்கும். மான்செஸ்டர் சிட்டிக்கு அது சில்லறை. பக்கத்தில் இருக்கும் சிறிய கிளப்புக்கு அது ஒரு பயிற்சியாளரின் சில ஆண்டுச் சம்பளம். ஆக, பெரிய கிளப்பில் மனம் ஒடிந்த பையன் சிறிய கிளப்புக்குப் போய் நிம்மதியாக ஆடலாம் என்று நினைக்கும்போது, இந்தத் தொகை குறுக்கே நிற்கும். இன்றைய விகிதம் என்ன என்பதைக் கையெழுத்துக்கு முன் கிளப்பிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இது வெறும் கணக்குப் பூச்சாண்டி இல்லை. 2017ல் ஸ்டோக் சிட்டி அகாடமியில் இருந்த 12 வயதுப் பையனின் குடும்பத்தோடு விதிகளை மீறிப் பேசியதற்காக லிவர்பூலுக்கு 1,00,000 பவுண்டு அபராதமும், மற்ற கிளப்புகளின் அகாடமிச் சிறுவர்களை எடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. கிளப்புக்கு அது ஒரு நாள் செய்தி. பையனுக்கு? லிவர்பூலுக்குப் போகும் ஏற்பாடு கைகூடவில்லை. ஸ்டோக்குக்கும் திரும்பவில்லை. அவனை யார் எடுத்தாலும் சுமார் 49,000 பவுண்டு தரவேண்டும் என்ற நிலை. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மூன்று ஆண்டுக்கு மூவாயிரம், ஓர் ஆண்டுக்கு நாற்பதாயிரம். அதே 2017ல் மான்செஸ்டர் சிட்டியும், அடுத்த ஆண்டு எவர்டனும் இதே வகைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டன. எனவே யாராவது, எந்த கிளப்பின் பெயரைச் சொல்லியாவது, பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம், அப்பாவுக்கு வேலை பார்த்துத் தருகிறோம், சீசன் டிக்கெட் தருகிறோம் என்று ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இந்த வயதில் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வருபவருக்குத் தேநீர்கூட வேண்டாம்.

இந்தப் பின்னணியில்தான் நான் டொட்டன்ஹாம் என்று சொல்வதைப் பார்க்க வேண்டும். டொட்டன்ஹாமின் பயிற்சித் திடல் ஹாட்ஸ்பர் வே உங்கள் என்ஃபீல்டிலேயே இருக்கிறது. ஒன்பது வயதுப் பொடியன்களிலிருந்து முதல் அணிவரை எல்லோரும் ஒரே வளாகம். ஹேல் எண்ட் வால்தம்ஸ்டோ பக்கம். வரைபடத்தில் தொலைவு அதிகமில்லை. ஆனால் வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு நார்த் சர்க்குலர் சாலையில் கார் ஓட்டியவருக்கு வரைபடத்தில் நம்பிக்கை இருக்காது. வாரம் மூன்று மாலைகள் பயிற்சி, அதோடு வார இறுதியில், பெரும்பாலும் ஞாயிறு, ஓர் ஆட்டம். ஆட்டம் சில வேளை லண்டனுக்கு வெளியேயும் இருக்கும். இதைச் சில ஆண்டுகளுக்கு விடாமல் செய்ய வேண்டும். காரின் பின்னிருக்கையில் இரவுச் சாப்பாடு, அங்கேயே வீட்டுப்பாடம், அங்கேயே தூக்கம் என்று வளரும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயணத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு அரை மணியும் அவனுடைய தூக்கத்துக்கோ தெருவில் பந்து உதைக்கவோ போகும். எட்டு வயதில் அகாடமிப் பயிற்சிக்குச் சமமாகத் தெரு விளையாட்டும் ஆட்டக்காரனை உருவாக்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். பயிற்சியாளர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு காரணத்தை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. அவன் அந்தப் பயிற்சியாளரைப் பற்றியே பேசுகிறான். அவர் அடுத்த ஆண்டு வேறு வயதுப் பிரிவுக்கோ வேறு கிளப்புக்கோ போய்விடக்கூடும். அதையும் கிளப்பிடம் கேட்டுவிடுங்கள். ஆனாலும் போன இடத்திலிருந்து உற்சாகமாகத் திரும்பி வருகிறான் என்பதைவிட நம்பகமான அளவுகோல் இந்த வயதில் வேறு கிடையாது.

11 பிளஸ் விஷயத்தைப் பலரும் பயப்படும் அளவுக்கு நான் பெரிதாக நினைக்கவில்லை. தேர்வு ஆறாம் ஆண்டின் செப்டம்பரில். அதற்கு இன்னும் இரண்டு கோடைகளுக்கு மேல் இருக்கிறது. லாட்டிமர் பள்ளியையோ பார்னெட்டின் குயின் எலிசபெத் பள்ளியையோ குறிவைக்கும் நம் குடும்பங்களில் நான்காம் ஆண்டிலேயே வாரம் இரண்டு டியூஷன் வைக்கும் வழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். டியூஷனும் அகாடமியும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் சேர்ந்தால் பையனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஏதாவது ஒன்றைக் குறைத்துத்தான் ஆக வேண்டும், அது தமிழ்ப் பள்ளியாக இருக்க வேண்டாம் என்பது என் சொந்த ஆசை. முதல் தர அகாடமிகளில் கல்விக்கென்றே பொறுப்பாளர் உண்டு. அவர் பையனின் பள்ளியோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அவரைச் சந்தித்து, தேர்வுக்கு முந்திய மாதங்களில் ஒரு மாலைப் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாமா என்று இப்போதே கேளுங்கள். தயங்காமல் "ஆகட்டும்" என்பவர்கள் நல்லவர்கள். அகாடமியே உங்கள் பிள்ளையின் படிப்பைக் கவனித்துக்கொள்ளும் என்று நம்பி நீங்கள் கைகட்டி இருந்துவிட வேண்டாம், அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கு அங்கே இடமுண்டா என்ற சந்தேகத்தை நீங்கள் எழுதவில்லை. ஆனால் வரிகளுக்கு இடையே அது இருப்பதாக எனக்குப் பட்டது. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் தெற்காசிய வம்சாவளி ஆட்டக்காரர்கள் இன்றும் மிகக் குறைவு. ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகனாக வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன் 2024ல் பார்ன்ஸ்லி கிளப்பின் முதல் அணிக்கு ஆடியபோது, நம்மவர்கள் அதை ஊரெல்லாம் பகிர்ந்துகொண்டதற்குக் காரணம் அந்த வறட்சிதான். தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கம் ஆசியச் சிறுவர்களுக்கும் குடும்பங்களுக்கும் வழிகாட்டும் ஒரு திட்டத்தை நடத்துகிறது. இதே பாதையில் சில ஆண்டுகள் முன்னே போய்க்கொண்டிருக்கும் குடும்பங்களை அங்கே சந்திக்கலாம். என்னையும் சேர்த்து எந்த ஆலோசகரையும்விட அவர்கள் பயன்படுவார்கள்.

கையெழுத்துக்கு முன் டொட்டன்ஹாமிடம் இன்னொன்றும் கேளுங்கள். பையனை அனுப்புவதென்று முடிவெடுத்தால் யார், எங்கே, எப்படிச் சொல்வார்கள்? அவனிடமா, உங்களிடமா? நேரிலா, மின்னஞ்சலிலா? அதற்குப் பிறகு வேறு கிளப்புகளுக்கு அவனைப் பற்றிச் சொல்லி உதவுவார்களா? எட்டு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது இதைக் கேட்பது அபசகுனம் என்று மாமனார் சொல்லலாம். ஆனால் பெரும்பாலான பையன்களுக்கு அந்த நாள் எப்போதாவது வந்தே தீரும். அதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் கிளப் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு டொட்டன்ஹாம் மழுப்பி, ஆர்சனல் நேராகப் பதில் சொன்னால், என் முதல் பத்தியை அழித்துவிட்டு ஹேல் எண்டுக்குப் போங்கள். நார்த் சர்க்குலரைச் சகித்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் சேராமல் உள்ளூர்க் கழகத்திலேயே இன்னோர் ஆண்டு ஆடுவதும் ஒரு தேர்வுதான். ஒன்பது வயதில் சேராதவனுக்குப் பத்தில் கதவு மூடிவிடாது. கேனுக்கு டொட்டன்ஹாமில் இடம் கிடைத்தது பதினொரு வயதில்.

மாமனாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மகன் தொடர்ந்து ஆர்சனல் ரசிகனாகவே இருக்கலாம். எதிரணிக்கு ஆதரவளித்துக்கொண்டே அகாடமியில் ஆடும் பையன்கள் எல்லா கிளப்புகளிலும் இருக்கிறார்கள், அதைப் பயிற்சியாளர்கள் கேலி செய்வார்களே தவிரத் தடுக்கமாட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தோற்றுவிட்டு வரும் நாளில், "நான் அப்போதே சொன்னேனே" என்ற சொல் பையனின் காதில் விழக்கூடாது. அதைக் கணவரிடமும் மாமனாரிடமும் இப்போதே, சிரித்துக்கொண்டேயாவது, சொல்லிவிடுங்கள்.

ஆர்சனலுக்கு மறுப்பைத் தொலைபேசியில் சொல்லாமல் மின்னஞ்சலாக அனுப்புங்கள். இதுவரை பயிற்சி கொடுத்ததற்கு நன்றி, வீட்டுக்கு அருகில் இருப்பதால் வேறிடத்தைத் தேர்ந்தோம், பின்னாளில் நிலைமை மாறினால் தொடர்பு கொள்ளலாமா என்ற மூன்று வரி போதும். அகாடமிகள் இந்தக் கடிதங்களைக் கோப்பில் வைத்திருக்கும். அதை உங்கள் கணவரே எழுதட்டும்.